லூமுட்டில் கட்டும் போர்க்கப்பல்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பங்கோர் தீவுக்குப் போக லூமுட்டில் படகு ஏறியிருப்பீர்கள். அந்த லூமுட்டில்தான் நம் கடற்படைக்குப் போர்க்கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. அங்கே கட்டும் முதல் கப்பலுக்கு 'மகாராஜா லேலா' என்று பெயர். 1875-இல் பாசீர் சாலாக்கில் பெர்ச் துரை கொல்லப்பட்டாரே, அந்த வழக்கில் தூக்கிலிடப்பட்ட பேராக் தலைவரின் பெயர் அது.

2014-இல் ஒப்பந்தம். ஆறு கப்பல்கள், ஏறக்குறைய 900 கோடி வெள்ளி. வேலை போஸ்டெட் குழுமத்தின் தளத்துக்குப் போயிற்று. ஆமாம், தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான அதே போஸ்டெட்தான். முதல் கப்பல் 2019-இல் வரவேண்டும். வரவில்லை. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டது. அப்போது அதன் தலைவர் நம் ஈப்போ தீமோர் உறுப்பினர் வோங் கா வோ. 600 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தாயிற்று, ஒரு கப்பல்கூட முடியவில்லை என்றது அறிக்கை.

"காசு எங்கே போச்சு?" என்று காப்பிக்கடையில் எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி, நம் வரிப்பணம் அல்லவா! ஆனால் கப்பல் கட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

காண்டா போட்டுப் பால் வாளி சுமந்த பெரியவர்களுக்கு எடை பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு பக்கம் கூடினால் தோள் சாயும். கப்பலும் அப்படியே. ரேடாரை உயரத்தில் வைத்தால்தான் தூரம் தெரியும். உயரத்தில் கனம் ஏறினாலோ கப்பல் தள்ளாடும். பெரிய ரேடாருக்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். அதற்குப் பெரிய ஜெனரேட்டர், அதைக் குளிர வைக்கக் குழாய்கள், குழாய் போக இடம். ஒன்றை மாற்றினால் பத்தை மாற்றணும். 1628-இல் சுவீடன் மன்னருக்குக் கட்டிய 'வாசா' கப்பல் மேல்பாரம் தாங்காமல், முதல் பயணத்தில் ஒரு மைல்கூடப் போகாமல் கவிழ்ந்தது.

அதனால் ஒவ்வொரு குழாயும் கம்பியும் எந்த அறை வழியாகப் போகும் என்று முதலில் தாளில் முடிவாக வேண்டும். பிறகுதான் இரும்பை வெட்டணும். வீடு என்றால் சுவரை இடித்துச் சமையல்கட்டை நகர்த்திக்கொள்ளலாம். பற்றவைத்த இரும்பை அறுத்துத் திரும்ப ஒட்டினால் தகடு சூட்டில் நெளியும், கூலியும் இரட்டிப்பாகும். லூமுட்டில் நடந்தது என்ன? கடற்படை விரும்பியது 'சிக்மா' என்ற டச்சு வடிவம். தேர்ந்தெடுத்தது 'கோவிண்ட்' என்ற பிரெஞ்சு வடிவம். நுணுக்க வரைபடம் முழுதாக முடியாமலே கட்டுமானம் தொடங்கியது. ஆனால் கருவிகளை முன்கூட்டியே வாங்கிக் கிடங்கில் வைத்தார்கள். கப்பல் வருவதற்குள் அவற்றில் சில காலாவதியாகிவிட்டன. இதைவிட வேதனை எனக்கு வேறில்லை.

2023-இல் ஆறு கப்பல் ஐந்தாகக் குறைந்தது. செலவோ 1,120 கோடியைத் தாண்டியது. அரசாங்கமே தளத்தை எடுத்துக்கொண்டது. 2017-இல் பெயர் சூட்டு விழா கண்ட மகாராஜா லேலாவை 2024 மே மாதம்தான் தண்ணீரில் இறக்கினார்கள். இறக்கியதும் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. முதலில் துறையில் கட்டிவைத்தே இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கணும், பிறகு கடலில், அதன்பின் ஆயுதங்களை.

பெற்றோர்களே, அந்தத் தளத்தில் பற்றவைப்பவர், குழாய் பொருத்துபவர், மின்கம்பி இழுப்பவர், வரைபடம் போடுபவர் எல்லாரும் வேண்டும். நம் பிள்ளைகளில் கணக்கில் பரிசு வாங்கியவர்களை இன்று மேடையில் பார்த்தேன். தொழிற்கல்விக் கல்லூரிக்கு மனுப் போடும்போது அந்த வேலைகளையும் விசாரித்துப் பாருங்கள். லூமுட் நமக்குத் தூரமில்லை.