வெடியுப்பும் கிணற்றுத் தண்ணீரும்

கந்தகம் தண்ணீரில் கரையாது. வெடியுப்பு கரையும். இரண்டும் பட்டாசு மருந்தில் சேர்பவைதான். ரசத்தில் மிளகு அடியில் தங்கும், உப்பு கலந்துவிடும். அதே கதைதான்.

வெம்பக்கோட்டை வைப்பாற்றங்கரை ஊர். அங்குள்ள அணையிலிருந்து சிவகாசிக்குக் குடிநீர் போகிறது. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். கழிவு மருந்து வெறுந்தரையில் விழுந்தால், வெடியுப்பில் உள்ள நைட்ரேட் மழைநீரோடு கீழே இறங்கும். கிணற்றைச் சேரும். பட்டாசை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. யூரியாவும் சாக்கடையும் தருவது இதே நைட்ரேட்தான்.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாடையில்லை. துணியில் வடிகட்டினாலும் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. கொதித்தால் கிருமி சாகும், தண்ணீர் வற்றும். நைட்ரேட் அப்படியே நிற்கும். குழம்பு சுண்டினால் உப்பு கரிக்கிறதே, அதுபோல.

பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்கே ஆபத்து அதிகம். பால்மாவை நைட்ரேட் கலந்த தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். உடல் நீலம் பாரிக்கும். அமெரிக்காவின் அயோவாவில் 1945-இல் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் இதற்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார்.

நைட்ரேட் இருப்பதைச் சோதனைதான் காட்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் அந்தச் சோதனை செய்யப்படுகிறது.