பயந்தால் யாரிடம் போவது?



அறக்கட்டளைப் பொழிவில் படுக்கையறைப் பேச்சு எதற்கு என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நாம் பேசாததால்தான் பேருந்து நிலையச் சுவர்களில் 'ஆண்மைக் குறைவு' விளம்பரங்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவரைத் தேடிப் போகிற இளைஞர்களில் பலருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. விந்து வீணாகிறதே என்ற நடுக்கம்தான் இருக்கும். மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் இதற்குத் 'தாது நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். அப்படித் தேடிப் போகும் பையனுக்குத் தவறான தகவல் கிடைத்தது ஒரு பக்கம். வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை என்பது இன்னொரு பக்கம். நான் பேச வந்தது இந்த இரண்டாவதைப் பற்றி.

பயந்த குழந்தை யாரிடம் ஓடுகிறது, ஓடினால் என்ன கிடைக்கிறது? ஆங்கிலேய மருத்துவர் ஜான் பௌல்பி இந்தக் கேள்வியிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அவரே சிறு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். காதலர்களும் தம்பதிகளும் ஒருவரையொருவர் பற்றிக்கொள்வதில் அதே குழந்தைப் பருவப் பிணைப்பின் சாயல் இருப்பதை 1987இல் ஹேசன், ஷேவர் என்ற உளவியலாளர்கள் எழுதிக் காட்டினார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ செய்த சோதனை இன்னும் கடுமையானது. அவர் தனிமையில் வளர்த்த குரங்குக் குட்டிகள் உடல் வளர்ந்த பின்னும் இணைசேரத் தெரியாமல் தடுமாறின. தீனிக்கு அவற்றுக்குக் குறையே இல்லை. அந்தச் சோதனையை இன்றைக்கு யாரும் அனுமதிக்கமாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது.

இனி நம் ஊர். நாமக்கல்லில் லாரி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. ரிக்கோடு வடக்கே போன அப்பா மாதக்கணக்கில் வருவதில்லை. வந்தாலும் கடன், டீசல், பெர்மிட் என்றுதான் பேச்சு. பள்ளிப்பாளையம், குமாரபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பேச்சே கேட்காது. இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த உழைப்பில்தான் இந்தச் சமவெளி கல்வீடு கண்டது.

ஆனால் விடுதிப் பள்ளி நாமே தேர்ந்துகொண்டது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மாநில முதலிடம் என்ற கனவோடு பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டோம். 2017இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. அதற்குள் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு வந்துவிட்டது. பதிமூன்று, பதினான்கு என்பது உடம்பு மாறுகிற வயது. மீசை அரும்புவதும் மாதவிலக்கு வருவதும் பொதுக்கூடத்து இரும்புக் கட்டிலில். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி டப்பாவோடு வரும் அம்மா கேட்பது மதிப்பெண்ணை. ஆணும் பெண்ணும் பேசினால் தண்டனை. அழுதால், "என்னடா பொட்டப்புள்ளயாட்டம்." பத்து வருடம் கழித்து மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்துவைத்து, அன்றிரவே நெருக்கம் வந்துவிட வேண்டும் என்கிறோம். அடுத்த மாதமே, "ஏதாச்சும் விசேஷமுங்களா?"

இந்தக் கேள்வியின் கொடுமையைப் பெருமாள்முருகன் 2010இல் 'மாதொருபாகன்' நாவலில் எழுதினார். அதில் வரும் குழந்தையில்லாத தம்பதி காளிக்கும் பொன்னாவுக்கும் இடையே ஆசைக்கு என்ன குறை? ஊருக்குக் குழந்தைதான் கணக்கு. அர்த்தநாரீசுவரர் மலை மேல் நிற்கிற திருச்செங்கோட்டில்தான் அந்தக் கதை நடக்கிறது. எழுதியவரைப் படாத பாடு படுத்தினோம். 2016இல் சென்னை உயர்நீதிமன்றம்தான் அவர் பக்கம் நின்றது.

பாலியல் நலம் என்ற பெயரில் லாரி ஓட்டுநர்களிடம் எய்ட்ஸ் பற்றியும் ஆணுறை பற்றியும் சொன்னோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நோய் இல்லாமலிருப்பது மட்டுமே பாலியல் நலம் அல்ல என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மனைவியின் விருப்பத்தைக் கேட்கத் தெரிவதும், வேண்டாம் என்றால் கோபப்படாமலிருப்பதும், தன் பயத்தைச் சொல்ல வாய் வருவதும் அதில் சேரும்.

இளமையில் பட்டது தலையெழுத்தா? இல்லை. ஹார்லோவின் ஆய்வுக்கூடத்திலேயே, தனித்து வளர்ந்த குரங்குகளை இளைய குட்டிகளோடு பழகவிட்டபோது அவை பெரிதும் தேறின. பொறுமையான துணை வாய்த்த மனிதர்களில் பலரும் தேறுகிறார்கள். தேறாதவர்களுக்கு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தம்பதியாகவே போகலாம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஞாயிறு விடுதிக்குப் போகும்போது மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, "ராத்திரி தூக்கம் வருதா சாமி?" என்று கேளுங்கள்.