உனக்கு என்ன போச்சு?

(நாகப்பட்டினத்தில் டிசம்பர் மாத நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்துக்கு டிசம்பரில் அடுத்தடுத்து இரண்டு நினைவு நாட்கள். 25ஆம் தேதி கீழ்வெண்மணி. 1968இல் கூலி உயர்வு கேட்டதற்காகக் குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்த நாள். மறுநாள் 26, சுனாமி. 2004இல் அன்று காலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலாவதைச் சாதி செய்தது, இரண்டாவதை இயற்கை செய்தது என்று பிரித்துச் சொல்வது வழக்கம். அலை இயற்கைதான். அலை வடிந்த பிறகு நடந்ததைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நகரத்தை ஒட்டிய ஒரு சேரியில் எங்கள் வீடு. அம்மா நடவு, அறுப்புக் காலத்தில் வயலுக்குப் போவார். மற்ற நாட்களில் துறைமுகப் பக்கம் மீன் தரம் பிரிக்கவும் கருவாடு காயவைக்கவும் கூலிக்குப் போவார். அலை வந்து இரண்டு வாரம் கழித்துக் கணக்கெடுக்க வந்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன்.

"படகு இருக்கா?"

"இல்லீங்க."

"வலை?"

"இல்லீங்க."

"நிலம், பட்டா ஏதாவது?"

"இல்லீங்க."

"அப்புறம் உனக்கு என்ன போச்சு?"

எங்களுக்கு முன்னால் நின்ற படகுக்காரரை அவர் 'நீங்க' என்றுதான் கேட்டார். அது அன்றைக்கே எனக்கு உறைத்தது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியின் முழு அர்த்தம் புரிய, நான் ஆய்வு மாணவராகிப் பழைய அரசாணைகளையும் படிவங்களையும் புரட்ட வேண்டியிருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மீனவ மக்களின் இழப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள்தான். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் எல்லாம் அன்று எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறீர்கள். உதவி அவர்களுக்குப் போனது நியாயம். அது எந்த வழியாகப் போனது, யாரைத் தாண்டிப் போனது என்பதே என் கேள்வி.

பல இடங்களில் நிவாரணப் பட்டியல் ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியாகத் தயாரானது. ஊர் என்றால் அதில் சேரி இல்லை. முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதையும், தண்ணீர்த் தொட்டியைத் தொட விடாமல் தடுக்கப்பட்டதையும் பத்திரிகையாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் அப்போதே பதிவு செய்தார்கள். பாபாசாகேப் 1927இல் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். 77 ஆண்டுகள் கழித்து, ஊரே பிணக்காடாகக் கிடந்த நேரத்திலும், நமக்குத் தண்ணீர்ப் பிரச்சினை அதேதான்.

இதைவிட ஆழமான சிக்கல் படிவத்தில் இருந்தது. என்ன வைத்திருந்தாய் என்பதை வைத்து இழப்பை அளந்தார்கள். படகு வைத்திருந்தவருக்குப் படகு. சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான பைபர் படகுகள் கரைக்கு வந்து சேர்ந்தன. உப்பு ஏறிய வயலுக்கு ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். மண் தேறியது. அந்த வயலில் நடவு நட்ட பெண்களுக்கு வேலை இல்லாமல் போன நாட்களை எந்தப் படிவத்தில் எழுதுவது? சொத்து வைத்துக்கொள்ளத் தலைமுறைகளாக அனுமதிக்கப்படாத மக்களிடம் சொத்துக் கணக்கைக் கேட்டால் பதில் பூஜ்யம்தான் வரும். பூஜ்யத்துக்கு இழப்பீடு கிடையாது. இதற்கு யாரும் சாதிவெறியோடு நடந்துகொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை. படிவமே வேலையை முடித்துவிடும்.

அரசுக்கு வேறு வழி இல்லையா? இருந்தது. 2005 மார்ச் 30ஆம் தேதி வந்த அரசாணை 172, புதிய வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் தரச் சொன்னது. அதற்கு முன்பு எத்தனை பெண்கள் பெயரில் வீடு இருந்தது? பழைய உரிமை ஆணிடம் இருந்தது என்பதற்காகப் புதிய உரிமையையும் ஆணுக்கே தர வேண்டியதில்லை என்று அரசு முடிவெடுத்தது. நல்ல முடிவு. அதே துணிச்சல் சாதி விஷயத்தில் ஏன் வரவில்லை என்பதுதான் என் ஆய்வின் மையக் கேள்வி.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தென்னை வளர எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அது போதாது என்பதும் தெரியும். ஆனால் மரத்துக்கு ஒரு விலையாவது இருந்தது. அந்த மரத்தில் ஏறியவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்ணுக்கும் போன வேலைநாட்களுக்கு அப்படி ஒரு விலை போடப்படவில்லை. அதே படிவம். அதே பூஜ்யம்.

இன்று நாகை எழுந்து நிற்கிறது. செல்லூர் பக்கம் போனால் சுனாமிக் குடியிருப்புகளைப் பார்க்கலாம். ஊர் மீண்டுவிட்டது என்கிறார்கள். மீண்டது உண்மைதான். முன்பு எது எப்படி இருந்ததோ அதை அப்படியே கட்டினோம். சேர்த்துச் சாதியையும் கட்டினோம்.

இளம் தோழர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். கணக்கெடுப்பின் முதல் கேள்வி 'என்ன வேலை செய்தீர்கள்' என்பதாக இருக்க வேண்டும் என்று கோருவோம். போன வேலைநாட்களுக்குக் கூலியைக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்று கோருவோம். பயனாளிகள் பட்டியலை ஊரில் மட்டும் ஒட்டாமல், சேரித் தெருவிலும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கோருவோம். அடுத்த புயல் வரும். அதற்குள் அரசு மாறாவிட்டால், பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு சேரிக்குப் போங்கள். யாருக்கு எத்தனை நாள் வேலை போனது என்று வீடு வீடாக எழுதுங்கள். அதிகாரி வரும்போது அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

அன்று வரிசையில் அம்மா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான், என்னிடம்கூட இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "வேலை போச்சு. அதக் கேக்கவே இல்லையே அவன்."

அதைக் கேட்கத்தான் நாம் இருக்கிறோம். ஜெய்பீம்.