இடாப்பிலே பெயர், வாங்கிலே பிள்ளை எங்கே?

(கிராம வாசிகசாலையொன்றின் ஆண்டு விழாவிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்.)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். கல்வியின் பெருமையை எடுத்துரைக்க நான் வரவில்லை. காணியை ஈடுவைத்தும் பிள்ளையைப் படிப்பித்த மக்கள் முன்னிலையில் அதனைச் செய்வது கொல்லர் தெருவிலே ஊசி விற்பதாகும். நான் பேச வந்தது ஒரு கணக்கைப் பற்றி. உலக நாடுகளிலே ஆரம்பப் பாடசாலையிற் சேர்ந்துள்ள ஆண்பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்னும் கணக்கு அது.

ஆண்பிள்ளைகளின் கணக்கை மட்டும் எடுத்தது ஏன் என்று தாய்மார்கள் கேட்கலாம். நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகளிலே இரண்டு நிரல்கள் இருக்கும். ஒன்று ஆண்பிள்ளைகளுக்கு, மற்றையது பெண்பிள்ளைகளுக்கு. பெண்பிள்ளைகளின் நிரலைப் பார்த்து அறிஞர்கள் கவலைப்படுகின்றார்கள். அது நியாயமான கவலை. பல நாடுகளில் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி பெரிது. ஆனால் ஆண்பிள்ளைகளின் நிரலை நாம் எப்படிப் பார்க்கிறோம்? இலக்கம் பெரிதாக இருக்கிறது, நல்லது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தப் பெரிய இலக்கத்தின் பின்னே மறைந்து நிற்கும் சிறுவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகின்றேன்.

நான் படிப்பித்த காலத்திலே, வெங்காயம் நடும் நாட்கள் வந்தால் என் வகுப்பின் பின்வாங்குகள் வெறுமையாகிவிடும். இடாப்பைத் திறந்தால் பெயர்கள் அத்தனையும் இருக்கும். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையிலும் அந்தப் பெயர்கள் அத்தனையும் போகும். ஆனால் பிள்ளைகள் தோட்டத்தில் நிற்பார்கள். நான் அனுப்பிய அறிக்கை பொய்யன்று; ஆனால் அது முழு உண்மையுமன்று. ஒரு வகுப்புக்கு உண்மையானது ஒரு நாட்டுக்கும் உண்மையாகும்.

நூற்றுக்கு நூற்றிருபது எப்படி?

அட்டவணைகளைப் புரட்டினால் சில நாடுகளிலே ஆண்பிள்ளைகளின் சேர்வு வீதம் 100ஐத் தாண்டி நிற்பதைக் காணலாம். நூறு பிள்ளைகள் உள்ள இடத்திலே நூற்றிருபது பிள்ளைகள் எப்படிச் சேர்ந்தார்கள்? இது அச்சுப்பிழையன்று. இங்கே இரண்டு விதமான கணக்குகள் உள. ஒன்று மொத்தச் சேர்வு வீதம். ஆரம்பப் பாடசாலையிலுள்ள எல்லோரையும், எந்த வயதினராயினும், எண்ணி, உரிய வயதுப் பிள்ளைகளின் தொகையோடு ஒப்பிடுவது அது. மற்றையது தேறிய சேர்வு வீதம். உரிய வயதினரை மாத்திரம் எண்ணுவது அது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கிராமத்திலே உரிய வயதுச் சிறுவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். பாடசாலை இடாப்பிலே 120 பெயர்கள். அவற்றுள் 78 பேரே உரிய வயதினர். மிகுதி 42 பேரும் காலந்தாழ்த்திச் சேர்ந்தவர்கள் அல்லது வகுப்பேறாமல் நின்றவர்கள். முதற் கணக்கின்படி 120 வீதம், மந்திரி மார்தட்டலாம். இரண்டாவது கணக்கின்படி 78 வீதம். 22 சிறுவர்கள் அந்தப் பாடசாலையில் இல்லை. ஒரே கிராமம், ஒரே நாள், ஒரே இடாப்பு! எந்தக் கணக்கு என்று கேளாமல் இரு நாடுகளை ஒப்பிடுபவன், கொத்தால் அளந்த நெல்லையும் புசலால் அளந்த நெல்லையும் ஒப்பிடுபவனாவான்.

கென்யா நாட்டிலே 2003ஆம் ஆண்டு ஆரம்பப் பாடசாலைக் கட்டணம் ஒழிக்கப்பட்டது. ஏறக்குறைய 59 இலட்சமாக இருந்த மாணவர் தொகை 72 இலட்சமாகப் பெருகியது. அடுத்த ஆண்டு, கிமானி மருகே என்னும் முதியவர் தம் 84ஆம் வயதிலே முதலாம் வகுப்பிற் சேர்ந்தார். ஆங்கிலேயரை எதிர்த்து மௌ மௌ இயக்கத்திற் போராடியவர் அவர். சிறுவனாயிருந்த காலத்தில் அவருக்குக் கிட்டாத வாங்கு எண்பது வயதின் பின்னர் கிட்டியது. அவரை வணங்குவோம். ஆனால் கணக்கிலே அவரும் சேர்ந்தவர்களுள் ஒருவர்தான்! மொத்தச் சேர்வு வீதத்திலே அந்த முதியவரும் ஆறு வயதுப் பாலகனும் ஒன்றே.

மலைமேல் நிற்கும் மேய்ப்பன்

ஆண்பிள்ளைகள் எப்போதும் முன்னிற்பர் என்ற எண்ணத்தைப் பொய்யாக்கும் ஒரு நாடு லெசோத்தோ. தென்னாபிரிக்காவால் நாற்புறமும் சூழப்பட்ட மலைநாடு அது. அங்கே நெடுங்காலமாகப் பாடசாலையில் பெண்பிள்ளைகளே மிகுதி. எழுத்தறிவிலும் பெண்களே முன்னணியில் நிற்பவர்கள். காரணம் என்ன? தந்தையர் தென்னாபிரிக்கச் சுரங்கங்களுக்குக் கூலிக்குப் போயினர். ஆடுமாடுகளே அக்குடும்பங்களின் செல்வம். அவற்றை மேய்க்கும் பொறுப்பு ஆண்பிள்ளையின் தலையில் விழுந்தது. கம்பளியைப் போர்த்துக்கொண்டு, வீட்டைவிட்டு வெகுதூரத்திலுள்ள மலைக்கொட்டில்களிலே மாதக்கணக்காகத் தங்கி மந்தையைக் காத்தான் அவன். அவன் தங்கை பாடசாலைக்குப் போனாள்.

அந்நாடு 2000ஆம் ஆண்டிலே ஆரம்பக் கல்வியை வகுப்பு வகுப்பாக இலவசமாக்கத் தொடங்கிற்று; 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனைக் கட்டாயமுமாக்கிற்று. கட்டணம் போயிற்று; ஆனால் மந்தை போகவில்லை. மந்தையை யார் மேய்ப்பது என்ற கேள்விக்கு விடை காணாத சட்டம் மலையேறி அந்தச் சிறுவனிடம் போய்ச் சேருமா? ஆகவேதான் மேய்ப்பர்களுக்கென மாலைநேர வகுப்புகள் நடத்த வேண்டியதாயிற்று. கமக்கார நண்பர்களே, இதன் பொருளை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கையை நம்பி நிற்கும் தொழில் எங்கே உண்டோ, அங்கே கட்டணத்தை ஒழிப்பது பாதிவேலை மாத்திரமே.

சேர்ந்தவர் எத்தனை? முடித்தவர் எத்தனை?

உகண்டாவிலே 1997ஆம் ஆண்டு கட்டணம் நீக்கப்பட்டபோது, ஏறக்குறைய 30 இலட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டிலே 50 இலட்சத்தைக் கடந்தது. மலாவியிலே 1994ஆம் ஆண்டு ஏறக்குறைய 19 இலட்சம் 30 இலட்சத்தை அண்மித்தது. ஏழைத் தகப்பன் பிள்ளையைப் படிப்பிக்க விரும்பாதவன் என்று பேசுவோருக்கு இவ்விரு நாடுகளும் தகுந்த விடையளித்தன. கதவைத் திறந்தவுடனே பிள்ளைகள் வந்தார்கள்!

ஆனால் உள்ளே என்ன இருந்தது? ஓர் ஆசிரியருக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல், கூரையில்லாத வகுப்பு, மரநிழலே மண்டபம். மலாவியிலே பல்லாயிரம் ஆசிரியர்களை அவசர அவசரமாகச் சேர்த்து, சில வாரப் பயிற்சியோடு வகுப்புக்கு அனுப்பினார்கள். முதலாம் வகுப்பிலே திரண்ட பிள்ளைகளுட் பலர் இறுதி வகுப்பைக் காணாமலே வெளியேறினர். நாற்று நட்ட கணக்கை வைத்து எந்தக் கமக்காரனாவது களஞ்சியத்தை நிரப்புவானா? கல்வியிலே மாத்திரம் நட்ட கணக்கைக் காட்டி விளைந்துவிட்டது என்கிறார்கள்.

யப்பான் சென்ற வழி

யப்பான் 1872ஆம் ஆண்டிலே கல்விச் சட்டம் வகுத்து, கல்லாத குடும்பம் எந்தக் கிராமத்திலும் இருத்தலாகாது என்று முழங்கியது. மறு ஆண்டிலே சேர்ந்த ஆண்பிள்ளைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர். பெண்பிள்ளைகள் 15 பேர். பாடசாலைச் செலவைக் கிராமத்தவரே சுமக்க வேண்டும், கட்டணமும் செலுத்த வேண்டும் என்றதும் கமக்காரர் கொதித்தெழுந்தனர். சில இடங்களிலே பாடசாலைகளுக்குத் தீயும் வைத்தனர். சேர்ந்த பிள்ளைகளிலும் நாள்தோறும் வந்தவர்கள் மிகக் குறைவு. 1890ஆம் ஆண்டிலும் ஆண்பிள்ளைகளின் வீதம் 65 அளவிலேயே நின்றது.

1900ஆம் ஆண்டிலே சாதாரண ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை நீக்கினர். 1905ஆம் ஆண்டிலே ஆண்பிள்ளைகளின் வீதம் 95ஐக் கடந்தது. பெண்பிள்ளைகளின் வீதமும் 90ஐத் தாண்டியது. அதன் பின்னரே, 1907ஆம் ஆண்டில், கட்டாயக் கல்வியை நான்கு ஆண்டிலிருந்து ஆறாண்டாக நீட்டினர். முழக்கத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்தது. பொருளுதவி இல்லாத கட்டளை குடியானவனுக்கு மற்றுமொரு வரியாகவே தோன்றும் என்பதே யப்பான் தரும் பாடம்.

தங்கையைத் தடுத்தால் தமையனும் விழுவான்

இரண்டு நிரல்களும் வேறு வேறு என எண்ணுவோருக்கு ஆப்கானிஸ்தானைக் காட்டுகிறேன். 2021ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின்னர், ஆறாம் வகுப்புக்கு மேலே பெண்பிள்ளைகள் கற்பது அங்கே தடுக்கப்பட்டது. அதனை உலகம் அறியும். பெண் ஆசிரியர்கள் ஆண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் தடுத்தார்கள் என்பதைப் பலர் அறியார். 2019ஆம் ஆண்டிலே 68 இலட்சமாக இருந்த ஆரம்பப் பாடசாலை மாணவர் தொகை 2022ஆம் ஆண்டிலே 57 இலட்சமாக வீழ்ந்தது என யுனெஸ்கோ நிறுவனம் அறிவித்தது. வீழ்ந்தவர்களுள் ஆண்பிள்ளைகளும் உளர். பெண்ணைப் பள்ளியிலிருந்து வெளியேற்றும் நாடு, தன் ஆண்மக்களுக்கு ஆசிரியர் இல்லாமற் செய்துகொள்கிறது. நாளைய ஆசிரியை இன்றைய மாணவி அல்லவா?

சராசரி என்னும் திரை

நம் நாட்டையும் சிறிது நோக்குவோம். 1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில் இலவசக் கல்வி வந்தது. அதன் பயனாக இன்று ஆரம்பப் பாடசாலைச் சேர்விலே இலங்கை, ஆண்பிள்ளைகளிலும் பெண்பிள்ளைகளிலும், நூற்றை அண்மி நிற்கிறது. பெருமைப்பட வேண்டிய செய்தியே. ஆனால் மலையகத்திலே தேயிலைத் தோட்டங்களிலிருந்த பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலேதான். அதுவரை, தேசத்தின் சராசரி உயர்ந்துகொண்டே போக, தோட்டத்துச் சிறுவன் ஒற்றையாசிரியர் பாடசாலையிலே நின்றான். உயர்ந்த சராசரி ஒரு திரை. அது நாட்டின் பெயரைச் சொல்லும். தோட்டத்தின் பெயரையும் மலைக்கொட்டிலின் பெயரையும் சொல்லாது.

நண்பர்களே, உலகத்தின் வாக்குறுதிகளையும் எண்ணிப் பாருங்கள். 1961ஆம் ஆண்டிலே அடிஸ் அபாபாவிற் கூடிய ஆபிரிக்க நாடுகள், 1980ஆம் ஆண்டுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்றன. 1990ஆம் ஆண்டிலே ஜொம்தியென் மாநாடு, 2000ஆம் ஆண்டுக்குள் என்றது. 2000ஆம் ஆண்டிலே டாக்கர் மாநாடு, 2015ஆம் ஆண்டுக்குள் என்றது. இப்பொழுது 2030 என்கிறார்கள். முன்னேற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வளர்முக நாடுகளின் தேறிய சேர்வு வீதம் 2000ஆம் ஆண்டில் 83 ஆக இருந்து 2015ஆம் ஆண்டில் 91 ஆயிற்று. ஆயினும் அந்த மிகுதி ஒன்பது பேருக்காகத்தான் தவணை தள்ளிப்போகிறது. அந்த ஒன்பது பேர் யார்? மந்தை மேய்ப்பவன், போருக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் ஓடியவன், ஊனமுற்றவன், கூலிக்குப் போகிறவன். கடைசியாக எஞ்சுபவர்களே எட்டுவதற்கு அரியவர்கள். அவர்களுக்கே கூடுதலாகச் செலவிட வேண்டும். ஆனால் இலக்கம் 90ஐத் தாண்டியதும் அரசாங்கங்களின் கை தளர்ந்துவிடுகிறது.

ஆகவே எவராவது உங்கள் முன்னே நாடுகளின் அட்டவணையை விரித்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எண்ணியது பெயரையா, வகுப்பில் இருந்த பிள்ளையையா? உரிய வயதினரையா, எல்லோரையுமா? சேர்ந்தவர்களையா, படித்து முடித்தவர்களையா? நாட்டின் சராசரியையா, ஒவ்வோர் ஊரின் நிலையையுமா?

உத்தியோகம் பார்க்கும் அன்பர்களே! அறிக்கை எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. இடாப்பிலுள்ள பெயரோடு நின்றுவிடாதீர்கள். வெறும் வாங்கையும் எண்ணி எழுதுங்கள். கமக்கார நண்பர்களே! நடுகையும் அறுவடையும் காத்திருக்க மாட்டா என்பதை நான் அறிவேன். ஆறாம் வாய்பாட்டை வகுப்பு முழுவதும் மனனஞ் செய்த வாரத்திலே தோட்டத்தில் நின்ற பிள்ளை, ஏழாம் வாய்பாட்டைக் கேட்டு விழிப்பதையும் நான் கண்டிருக்கிறேன். அந்த விழிப்பே அவன் பாடசாலையை வெறுக்கத் தொடங்கும் நாள். எந்த நாட்டு அட்டவணையிலும் அந்த நாள் பதியப்படுவதில்லை. அதைப் பார்க்கக்கூடியவர்கள் ஆசிரியனும் தகப்பனும் மாத்திரமே.

நாளைக் காலையிலே உங்கள் ஊர்ப் பாடசாலைக்குச் செல்லுங்கள். இடாப்பைக் கேட்டு வாங்குங்கள். பிறகு தலையை நிமிர்த்தி வாங்குகளை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். ஒத்திராவிட்டால், வராத பிள்ளையின் வீட்டுப் படலையைத் தட்டுங்கள்.