ஏழுகிணற்றில் தொடங்கிய கருணை

வடசென்னையில் யானைக்கவுனியிலிருந்து தங்கசாலைத் தெருவைத் தாண்டினால், கொஞ்ச தூரத்தில் ஏழுகிணறு. அங்கே வீராசாமி தெருவில்தான் வள்ளலார் வளர்ந்தார். அங்கிருந்தே திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்து போய் வருவார்.

பிறகு வடலூர் போனார். 1867 மே 23-இல், பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமச்சாலையை அங்கே தொடங்கினார். ஊர்மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய 21 அடி நீள அடுப்பு இன்றும் எரிகிறது. பசியோடு வந்தவரிடம் சாதியோ மதமோ கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரே பந்தி. தீண்டாமை தலைவிரித்தாடிய காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல்!

அந்தப் பந்தியின் பாடத்தை நம் மாணவர்களும் கற்க வழி இருக்கிறது. நம் பள்ளிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், ஜைன அறக்கட்டளை என்று வடசென்னையில் அன்னதானத்துக்கும் குறைவில்லை. மாணவர்கள் பரிமாறுகிறார்கள், நல்லது. ஆனால் பரிமாறிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினால் அது பாதித் தொண்டுதான். சாப்பிட வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதே சோற்றைச் சாப்பிட வேண்டும். அவர் ஏன் பசியோடு வந்தார் என்று கேட்க வேண்டும். நீதியைப் பற்றிய படிப்பு அங்கேதான் ஆரம்பம்.

அக்டோபர் 5, வள்ளலார் பிறந்தநாள். தமிழக அரசு அதைத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்திருக்கிறது. ஆசிரியர்களே, இந்த ஆண்டு அன்று உங்கள் மாணவர்களை ஏதாவது ஒரு பந்தியில் உட்கார வையுங்கள்.