ரேடியேட்டருக்கு உப்புத் தண்ணீர் வேண்டாம்

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் நடந்த நமது அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில், நிர்வாகிகள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கல்வி உதவி, மருத்துவ முகாம், ஃபித்ரா விநியோகம் என்றுதான் வழக்கமாக இங்கே பேசுவோம். இன்று வண்டிக்கு ஊற்றும் கூலண்ட் பற்றிப் பேசப் போகிறோம். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற சித்திரை வெயிலில், நமது ஆம்புலன்ஸ் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனது. கயத்தாறு தாண்டியதும் இன்ஜின் ஹீட் ஆகி நின்றுவிட்டது. 108க்குச் சொல்லி வேறு வண்டி வரும்வரை அந்தக் குடும்பம் நாற்கரச் சாலை ஓரத்தில் காத்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் நலமாக இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் காத்திருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் நாங்கள்தான் பொறுப்பு.

இன்ஜினைப் பிரித்தபோது ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. வாட்டர் பம்ப் அரித்திருந்தது. ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு அடைத்திருந்தது. ஓட்டுநர் தம்பியைக் குறை சொல்ல முடியாது. "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு? போர் தண்ணிய ஊத்துப்பா" என்று சொன்னது நாங்கள்தான்.

நாங்கள் செய்த தவறு என்ன என்பதை நம் பள்ளிவாசலிலேயே பார்க்கலாம். ஒளு செய்யும் குழாய்களைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதே, அதுதான். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியிலும் தாய்மார்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். கரிசல் பூமியின் நிலத்தடி நீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. ஒளுவுக்கு அது சுத்தமான தண்ணீர்தான்; இன்ஜினுக்கு ஆகாது. சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு படியும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் குடிக்க நல்லது என்றாலும், அதிலும் தாதுக்கள் உண்டு.

கூலண்ட் பனிக்கு மட்டுமானது அல்ல. அதில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால். அதோடு துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகள் சேர்ந்திருக்கும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கூலண்ட் சேர்ந்தால், ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்து, ஏறக்குறைய 125 டிகிரி தாண்டும்வரை கொதிக்காது. வெயில் 40 டிகிரியைத் தொடும் நம் ஊரில் இந்த வித்தியாசம்தான் வண்டியைக் காப்பாற்றுகிறது.

எதை வாங்குவது? நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி சேர்க்கும் சாயம். ஒரே நிறத்தில் வெவ்வேறு வகை மருந்து இருக்கலாம். ஐரோப்பியக் கார் கம்பெனிகள் பல, பாஸ்பேட் கலந்த கூலண்டைத் தவிர்க்கின்றன. அங்கும் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், பாஸ்பேட்டோடு சேர்ந்தால் படிந்துவிடும். ஜப்பானியக் கம்பெனிகள் பாஸ்பேட்டைச் சேர்த்து, சிலிக்கேட்டைத் தவிர்க்கின்றன. ஆகவே உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன வகைதான் உங்களுக்கு உரியது. இரண்டு வகையைக் கலந்தால் மருந்தின் வேலை கெடும். சில சமயம் கூழாகி அடைத்துக்கொள்ளும்.

கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ரெடிமிக்ஸை அப்படியே ஊற்ற வேண்டும். தண்ணீர் சேர்க்கக் கூடாது. கான்சென்ட்ரேட் என்றால், பாட்டிலில் சொன்ன அளவில், பெரும்பாலும் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். தண்ணீரே சேர்க்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள். வெறும் கிளைக்கால் தண்ணீரைப் போல் சூட்டைக் கடத்தாது.

மாற்றும்போது இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன் செய்வது நல்லது. பழையதை வடித்துவிட்டு, தெளிவாக வரும்வரை டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள். புதியதை மெதுவாக ஊற்றி, கார் என்றால் ஹீட்டரைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். மறுநாள் காலையில் ரிசர்வ் டேங்கின் அளவைப் பாருங்கள். பழைய வகைக் கூலண்டுக்கு ஆயுள் சுமார் 2 ஆண்டு. நீண்ட கால வகை 5 ஆண்டு வரை வரும். அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே இருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வழியில் ஹீட் ஆனால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் ஆறட்டும். வேறு வழியில்லை என்றால், ஆறிய பிறகு குடிநீர் ஊற்றி ஊர் வந்து சேரலாம். பிறகு அலசி மாற்றிவிட வேண்டும். நோயாளி இருந்தால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூலண்ட் விஷம். ஆனால் இனிப்பாக இருக்கும். சிறிதளவு குடித்தாலும் சிறுநீரகம் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சத்தைக் குடிநீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ வைக்காதீர்கள். வடித்ததைத் தெருவில் ஊற்றினால் நாயும் ஆடும் குடிக்கும். மூடிய கேனில் பிடித்து, ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, பாட்டிலோடு உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அன்பர்களே! நம் ஜமாஅத்தில் டாக்ஸி ஓட்டுபவர்களும் லோடு ஆட்டோ வைத்திருப்பவர்களும் பலர். வண்டி ஒரு வாரம் நின்றால் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜின் வேலைக்குக் கடன் வாங்கி, வட்டி என்ற ஹராமில் விழ வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஆம்புலன்ஸ் உங்கள் சதக்காவில் வாங்கியது. எங்களிடம் இருக்கும் அமானிதம். இனி கூலண்ட் எந்த வகை, எந்தத் தேதியில் மாற்றினோம் என்பது வண்டியிலேயே ஒரு நோட்டில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், எங்களைக் கேள்வியும் கேட்கலாம்.

நம் அலட்சியத்தால் பிறருக்குத் துன்பம் நேராமல் வல்ல அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.