கடல் கடக்குமுன் ஓர் அட்டை

 

நடக்கவோ பேசவோ இயலாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நகையை விற்றுச் சென்னைக்கும் வேலூருக்கும் போகும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிச் சிகிச்சை ஒரு மாதத்தில் முடிவதில்லை. திரும்பி வந்தபின்னும் வாரந்தோறும் தொடரவேண்டும்.

சமூகநல இலாகாவில் பதிந்து ஓகேயு அட்டை பெற்றால், அரசு மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்கு உண்டு. 1984இல் திரங்கானுவில் தொடங்கிய பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இன்று பேராக்கிலும் பயிற்சி தருகின்றன.

பதிவு கட்டாயமில்லை. ஊர் பேசுமே என்று ஒளித்து வைத்தால் பிள்ளை அரசின் கணக்கில் வராது. ஈப்போவிலும் பழைய தோட்டப்புறங்களிலும் உள்ளோர், படிவம் நிரப்ப நம் சங்கத்துக்கு வாருங்கள். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம்.

வஸ்ஸலாம்.